‘ங்க’ போட்ட அண்ணன்

பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வந்து நிற்கிறது. காலையிலிருந்து கம்ப்ரசர் கத்துகிறது. டீசல் புகையும் ஈரக் கல்மாவும் கலந்த வாசம் ஜன்னல் கம்பியைத் தாண்டி வந்து, கொடியில் காயும் துணிகளில் உட்கார்ந்து, என் மூக்கில் ஏறி, நேராக என்னைக் கொண்டுபோய்க் கடலில் இறக்குகிறது. சொன்னால் சிரிப்பார்கள். நாமக்கல் பொட்டல் வெயிலில், ஆயிரம் அடி துளைத்தும் புழுதி மட்டுமே மேலே வருகிற பூமியில் நின்றுகொண்டு கடலை நினைப்பாளா ஒருத்தி? நினைக்கிறேன். அந்தமானில் நாங்கள் ஏறிய படகும் டீசல் படகுதான். கல்மாவுக்குப் பதில் உப்பு, அவ்வளவே வித்தியாசம். எதிரில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

முப்பது வருஷம் ரிக் வைத்திருந்தவர் என் அண்ணன். திருச்செங்கோட்டில் ஆயுதபூஜை போட்டுக் கிளம்பும் வண்டி ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு மழைக்காலத்தில்தான் வீடு திரும்பும். வரும்போது அவர் சட்டை, தலைமுடி, புருவம் எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். கிணற்றடியில் குளித்துக்கொண்டே கூப்பிடுவார். “அம்மிணி! ஏ அம்மிணி! சோப்பு எடுத்துட்டு வா புள்ள!” நான் கல்யாணமாகி, குழந்தை பெற்று, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் குரல் மாறவில்லை. வா, போ, உக்காரு, தின்னு. அண்ணனிடம் எனக்கு இருந்த சொத்து அந்த நாலு சொல்தான்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் பேச்சை மெச்சுவார்கள். கன்றுக்குட்டிக்குக்கூட ‘ங்க’ போடுகிற சனம் என்பார்கள். உண்மைதான், போடுவோம். பஸ் கண்டக்டருக்கு, பால்காரருக்கு, தவறான நம்பருக்குப் போன் செய்த ஆளுக்கு, எல்லாருக்கும் போடுவோம். அந்த ‘ங்க’வை வைத்து ஒருவரை வீட்டுக்கு வெளியே நிறுத்தவும் எங்களுக்குத் தெரியும். அதை மெச்சுகிறவர்கள் பார்த்ததில்லை. கதவைச் சாத்தினால் சத்தம் கேட்கும். இதில் சத்தமே இருக்காது.

அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் நடந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கூறைச்சேலையின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். பெண்டாட்டி வந்தாலும் உன்னை விடமாட்டேன் என்று உடன்பிறந்தவளுக்கு அண்ணன் சொல்லும் சடங்கு அது. நாளைக்கு உனக்குப் பெண் பிறந்தால் அவள் என் வீட்டுக்கு என்பதும் அதே சேலைக்குள் மடிந்திருக்கிறது. வாய்விட்டு யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பெண்தான் பிறந்தாள். அவருக்குப் பையன். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு கூடை பழத்தோடு வந்தார். கொடுப்பாயா என்று கேட்கவில்லை. “எப்ப வந்து கூட்டிட்டுப் போறது அம்மிணி?” என்றார். நாளைக் குறிக்க வந்திருந்தார், அவ்வளவுதான்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “சொந்தத்துல வேண்டாம்னு டாக்டருங்க சொல்றாங்களாமாண்ணா. பொறக்கற கொழந்தைக்கு ஆகாதாமா.”

எந்த டாக்டரையும் நான் பார்க்கவில்லை. மகளுக்கு விருப்பமில்லை, அது பாதி உண்மை. மீதியை இப்போதுதான் எழுதுகிறேன். ரிக்கில் வேலை பார்க்கிறவன், நகக்கண்ணில் கிரீஸ் உள்ளவன் எனக்கு மருமகனாக வேண்டாம் என்று நினைத்தேன். பின்னாளில் அதே கிரீஸ் ஏறிய அண்ணன் கைகள்தான் என்னைத் தூக்கி வளர்த்தன. அண்ணன் மடியில் விரித்து வைத்திருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“சரிங்க.”

அன்றிலிருந்து நான் ‘நீங்க’ ஆனேன். வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க. சண்டையே இல்லை. பேச்சுவார்த்தை நிற்கவில்லை. பொங்கலுக்குப் போன் வரும். கோயில் விசேஷத்துக்கு அழைப்பு வரும். ஒரு குறையும் சொல்ல முடியாது. அண்ணன் மரியாதையாகப் பேசுகிறார் என்று யாரிடம் போய் அழுவது?

மகள் பெங்களூரில் தன்னோடு வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். சரியென்றோம். வைகாசியில் முகூர்த்தம். எங்களில் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன் கை. அந்தக் கை வருமா என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. மண்டபம், சமையல், நகை எதுவும் என்னைத் தூங்கவிடாமல் செய்யவில்லை. முதல் பத்திரிகை மாமன் வீட்டுக்கு வைக்க வேண்டும். தட்டத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு அந்த வாசலை மிதிக்க வேண்டும். எனக்குக் கால் வரவில்லை. உள்ளே போனால் “வாங்க, உக்காருங்க” என்று நாற்காலி இழுத்துப் போடுவார். நான் பிறந்த வீட்டில், நான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

மகள்தான் வழி சொன்னாள். அந்தமானுக்கு டிக்கெட் போட்டாள். நங்கைக்கு விமானத்தில் ஏறிப் பார்க்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். “மாமனையும் அத்தையையும் கூட்டிட்டுப் போம்மா. தனிப் படகு சொல்லியிருக்கேன். நாள் பூரா தீவு தீவாப் போயிட்டு வரலாம். அந்தக் கடலுக்கு நடுவுல எத்தனை நேரம்தான் ‘ங்க’ போடுவாரு?” என்றாள். என் கணவர் வரவில்லை. கோழிப்பண்ணைக்காரர்கள் இருவரும் சேர்ந்து வெளியூர் போக முடியாது. முட்டை யாருக்காகவும் காத்திருக்காது.

நங்கைக்காகத்தான் அண்ணன் சம்மதித்தார். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நங்கை கீழே மேகத்தை எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, பாருங்க, மில்லுக்குள்ளார பஞ்சு பறக்கறாப்பல இருக்குது!” அண்ணன் கண்ணை மூடியபடியே, “மூக்குல துணியக் கட்டிக்க” என்றார். நான் சிரித்தேன். அவர் கண்ணைத் திறந்து, “தண்ணி வேணுமுங்களா?” என்றார் என்னிடம். என் சிரிப்பு அங்கேயே நின்றது.

மறுநாள் காலை படகுத்துறை. மரப் படகு, நீலப் பெயிண்ட், மேலே தார்ப்பாய்க் கூரை, நடுவே கண்ணாடி பதித்த ஒரு பெட்டி. கீழே இருப்பதை அதன் வழியே குனிந்து பார்க்கலாம். படகுக்காரர் முப்பது வயதுக்காரர். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன குடும்பம், தமிழ் கொஞ்சம் இந்தி கலந்து வரும். தீவுக்குப் பாலிதீன் கொண்டுபோகக் கூடாதென்று துறையில் பையைச் சோதித்தார்கள். நங்கையின் பையிலிருந்து பாலிதீன் வந்துகொண்டே இருந்தது. முறுக்குக்கு ஒன்று, புளிசோறுக்கு ஒன்று, ஊறுகாய்க்கு ஒன்று, அதைச் சுற்றி இன்னொன்று, எதற்கும் இருக்கட்டுமென்று வெறுமனே மடித்து வைத்தவை பதினைந்து. “தீவுல கடை போடப் போறீங்களா அக்கா?” என்றார் படகுக்காரர். என் பையில் ஒரே ஒரு மஞ்சள் தடவிய கவர் இருந்தது. அது காகிதம். விட்டுவிட்டார்கள்.

படகு கிளம்பியது. கரை பச்சையாகி, நீலமாகி, இல்லாமல் போனது. தண்ணீர், தண்ணீர். எங்கள் ஊரில் ஒரு குடத்துக்கு விழுந்தடித்துக்கொள்கிற தண்ணீர் இங்கே வேலையற்றுக் கிடந்து புரண்டுகொண்டிருந்தது. அண்ணன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தொழில்காரர் குரலில் கேட்டார்.

“ஏஞ்சாமி, இங்க எத்தனை அடியில தண்ணி?”

படகுக்காரர் எஞ்சினைக் குறைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “அண்ணே, தண்ணி மேலயே தான் இருக்கு. கைய விட்டுப் பாருங்க.”

நங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “தேங்காயக் கையில குடு சாமி, தண்ணி ஓட்டம் பாத்துப் பாயிண்டு சொல்லுவாரு!”

“அட, தரை எத்தனை அடின்னு கேட்டனப்பா,” என்று அண்ணனும் சிரித்தார். நானும் சேர்ந்து, “மண்ணு சரியாம கேசிங் பைப்பு எறக்கோணுமுங்களாண்ணா?” என்றேன். பழைய நாளாக இருந்தால் “வாய மூடு புள்ள” என்று தலையில் ஒரு தட்டு விழுந்திருக்கும். தலையைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தேன் என்றே நினைக்கிறேன்.

“தேவைப்படாதுங்க,” என்றார்.

படகுக்காரர் இதைக் கேட்டுப் பூரித்துப்போனார். “எங்க பக்கம் தங்கச்சிய வாடி போடின்னுதான் பேசுவாங்க. உங்க ஊருல கூடப் பொறந்தவங்களுக்கே இம்புட்டு மரியாதையா! கேக்கவே சுகமா இருக்குக்கா.” நான் தலையை ஆட்டினேன். அண்ணன் கடலைப் பார்த்தார். அந்தப் பையனைச் ‘சாமி’ என்றார், நங்கையை ‘இவளே’ என்றார், கூரையில் வந்து உட்கார்ந்த பறவையை ‘வா வா’ என்றார். படகில் அவரிடம் ‘ங்க’ வாங்கிய உயிர் நான் ஒருத்திதான்.

முதல் தீவுக்கு முன்பாகவே ஓரிடத்தில் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்தோம். கீழே பவளப்பாறை. மூளை போல, மான் கொம்பு போல, விரித்த விசிறி போல. நீலமும் மஞ்சளும் மீன்களாகப் பிரிந்து ஓடின. “இது கல்லு இல்லண்ணே, உசுரு. மூச்சு விடும்,” என்றார் படகுக்காரர். அண்ணன் நிமிரவே இல்லை. “ஆயிரத்தி இருநூறு அடி வரைக்கும் போயிருக்கறேன் சாமி. ஒரு கல்லும் உசுரோட இருந்து பாத்ததில்லை,” என்றார். அவர் முகம் கண்ணாடியில் தெரிந்தது. அறுபது வயது முகம் ஒரு நிமிஷம் பையன் முகமாக இருந்தது. கிணற்று மேட்டில் நின்று என்னை உள்ளே தள்ளிவிட்ட முகம்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்தான் எனக்கு நீச்சல் பழக்கினார். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மேலிருந்து தள்ளிவிடுவார். நான் முங்கி எழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, “போடா!” என்று கத்துவேன். அண்ணனை ‘டா’ போட்டதற்கு அம்மாவிடம் அடி வாங்குவேன். நீச்சல் வந்த பிறகு ஒருநாள் பழிவாங்கினேன். முக்குளி போட்டு, அடிப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேலே வராமல் இருந்தேன். துணியோடு குதித்துத் தேடி, தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து, படியில் போட்டு, “அம்மிணி, அடி அம்மிணி, கண்ணத் தொற புள்ள,” என்று அழுதார். கண்ணைத் திறந்து சிரித்தேன். கன்னத்தில் ஒன்று வைத்தார். அந்த அறையை இப்போதும் கொடுத்துவைத்தவள் போல ஞாபகம் வைத்திருக்கிறேன்.

தண்ணீரில் இறங்கிப் பார்க்கிறீர்களா என்றார் படகுக்காரர். மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். சுடிதாரோடு ஏணியில் இறங்கினேன். ஐம்பத்தொரு வயது. மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனதும், சட்டையின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உப்பு கண்ணைக் கரித்தது. பிடித்துக்கொள்ளப் படிக்கட்டு இல்லை. கடல் என்னை மேலே மேலே தள்ளியது, நான் கீழே கீழே உதைத்தேன். காதுக்குள் ஒரு முனகல். எண்ணினேன். இருபது. முப்பது. குதி அண்ணா. நாற்பது. வந்து முடியைப் பிடி. முடி குறைந்துவிட்டது, ஆனாலும் பிடி. ஒரே ஒரு தரம் ‘அடி’ என்று சொல். நெஞ்சு வெடிக்கும் வரை இருந்தேன்.

மேலே வந்தபோது படகுக்காரர் என் தோளைப் பற்றியிருந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. நங்கை படகில் நின்று, “அய்யோ சாமி, அய்யோ சாமி,” என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குரல் அமைதியாக வந்தது.

“பயப்படாத சாமி. அவங்களுக்கு நீச்சல் தெரியும். நாந்தான் பழக்குனேன்.”

என்னை ஏற்றினார்கள். துண்டைக் கொடுத்தது நங்கை. தலையைத் துவட்டிக்கொண்டே குனிந்தபோது பார்த்தேன், அண்ணனின் ஒரு காலில் செருப்பு இல்லை. குதிக்கக் கழற்றினாரா, படகு ஆடியதில் கழன்றதா, கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு ‘ங்க’ போட்டுப் பதில் வந்திருக்கும்.

தீவில் வெள்ளை மணல். ஆளில்லை. நாங்கள், ஒரு நாய், சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரம். படகுக்காரர் படகிலேயே படுத்துக்கொண்டார். நங்கை புளிசோற்றைத் தூக்குப் போசியிலிருந்து பிரித்து வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். கைகழுவி வந்ததும், போசி மூடியை நன்றாகத் துடைத்து, அதில் இரண்டு வாழைப்பழம் வைத்து, ஊரிலிருந்தே ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த வெற்றிலையை வைத்து, மேலே பத்திரிகையை வைத்தேன். இரண்டு கையாலும் நீட்டினேன்.

“வைகாசில முகூர்த்தமுங்கண்ணா. மொதப் பத்திரிகை. நீங்கதான் முன்ன நின்னு பட்டம் கட்டிக் குடுக்கோணும்.”

அவர் கை நீளவில்லை. நங்கைதான் பதறினாள். “என்ன அம்மிணி இது? மாமன் ஊட்டுக்குப் பத்திரிகைய வாசல் மிதிச்சு வந்தல்ல வெக்கோணும்? இப்படி அனாமத்து எடத்துல, போசி மூடியில வெச்சுக் குடுக்கறே?”

நான் செய்தது தப்பு என்று நீட்டிய கை நீட்டியபடி இருக்கும்போதுதான் தெரிந்தது. யாருடைய வீடும் இல்லாத இடத்தில் எந்த முறையும் இருக்காது, அண்ணனும் நானும் மட்டும் இருப்போம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அண்ணனுக்கோ, வீட்டுக்கு வர மனமில்லாமல் கடல் தாண்டிக் கூட்டிவந்து கொடுக்கிறாள் என்று பட்டது. அதுவும் பொய்யில்லை.

“ஊட்டுக்கு வரத்தான் நெனச்சனுங்ணா...” என்றேன்.

“ஊடு அங்கயேதான் இருக்குதுங்க,” என்றார்.

பிறகு பத்திரிகையை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, அச்சடித்ததை முழுக்கப் படித்தார். மாப்பிள்ளையின் படிப்பு போட்டிருந்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. நகக்கண் சுத்தமாக இருந்தது. வண்டியை விற்று இரண்டு வருஷமாகிறது. “கட்டாயம் வந்தர்றமுங்க,” என்றார். எங்களில் யார் யாருக்குப் பத்திரிகை வைத்தாலும், போகிற எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதையே சொல்வார்கள்.

அதன் பிறகு இன்னும் இரண்டு தீவுகள் பார்த்தோம். அழகாக இருந்தன. அவற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

ஊர் திரும்பிய மறு ஞாயிறு தட்டத்தோடு அவர் வீட்டுக்குப் போய் முறையாக வைத்தேன். நாற்காலி போட்டார்கள். காப்பி கொடுத்தார்கள். கல்யாணத்துக்கும் வந்தார். விருந்தாளிகள் வரும் நேரத்துக்கு வந்து, நாலாவது வரிசையில் உட்கார்ந்து, பந்தியில் சாப்பிட்டு, மணமக்களுக்கு அட்சதை போட்டுவிட்டுப் போனார். பட்டத்தைக் கட்டியது பெரியப்பா வழி அண்ணன் ஒருவர். அவர் கட்டியதில் பட்டம் கோணலாக உட்கார்ந்தது. போட்டோக்களில் மகள் நெற்றி எல்லாவற்றிலும் சாய்ந்தே இருக்கிறது. அன்றைக்கு நான் அழவில்லை. அழுகை எல்லாம் முன்பே சேலம் ஜங்ஷனில் முடிந்துவிட்டது.

அந்தமானிலிருந்து திரும்பிய அன்று, சென்னையிலிருந்து ரயிலில் வந்து, காலை வெயிலில், ஜங்ஷனுக்கு வெளியே நின்றோம். அவர்களுக்குத் திருச்செங்கோடு போகக் கார் வந்திருந்தது. எனக்கு நாமக்கல் பஸ். நங்கை ஒரு பொட்டலத்தில் மிச்ச முறுக்கைக் கட்டி என் கையில் திணித்து, “ஊடு போயிப் போன் பண்ணு அம்மிணி,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அண்ணன் பின்கதவைத் திறந்து பெட்டியை வைத்தார். காதோரம் படகில் தெறித்த கடல் உப்பு இன்னும் வெள்ளையாகப் படிந்திருந்தது. ரிக்கிலிருந்து வரும்போது இருக்கும் சாம்பல் போலவே. சோப்பு எடுத்துட்டு வா புள்ள என்று சொல்லிவிடுவார் என்று ஒரு கணம் நின்றேன்.

“வர்ற ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாரனுங்ணா. தட்டத்தோட, மொறையா.”

“வாங்க. எங்க ஊட்டுக்கு யாரு வந்தாலும் காப்பி உண்டுங்க.”

யார் வந்தாலும். ஆட்டோக்காரர்கள், பூக்காரிகள், ரயிலுக்கு ஓடுகிறவர்கள், எல்லாரும் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஐம்பது வருஷமாக அவருக்கு நான் போட்டுவந்த ‘ங்க’ எல்லாம் தொண்டையில் ஒன்றாக வந்து நின்றது. அதை விழுங்கினேன். கிணற்றுத் தண்ணீர் மூக்கில் ஏறிய சிறுமியின் குரல் எனக்குள் இன்னும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

“பட்டங் கட்ட வராட்டிப் போடா!”

வண்டிக்குள் நங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் கதவில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். கண் சிவந்தது. உதடு ஏதோ ஒரு சொல்லுக்குக் குவிந்தது. அது ‘அ’வில் தொடங்கும் சொல் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பிறகு உதட்டை மூடி, திறந்தார்.

“சரிங்க.”